துறைமுகம் இல்லாத சேபா

கரீபியக் கடலின் வடகிழக்கு மூலையில், செயின்ட் மார்ட்டின் தீவுக்குத் தெற்கே இருக்கிறது சேபா. பரப்பு 13 சதுர கிலோமீட்டர்தான். உண்மையில் அது கடலுக்கு மேலே தலைநீட்டும் ஓர் எரிமலை. உச்சி சுமார் 870 மீட்டர். சுற்றிலும் செங்குத்துப் பாறை; கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. அப்படியும் ஆட்கள் வந்தார்கள்.

முதலில் வந்தவர்கள் 3,000 ஆண்டுகளுக்கும் முந்தைய பழங்குடிகள். பிளம் பீஸ் என்னும் மலைச்சரிவில், கடலிலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில், அவர்கள் தின்றுபோட்ட மிச்சம் கிடைத்திருக்கிறது. தீவுக்காரர்களின் குப்பையில் மீன்முள் குவிந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அதிகம் இருந்ததோ மலைநண்டின் ஓடும் ஒரு கடற்பறவையின் எலும்பும். அந்தப் பறவை கரையேறுவது கூடு கட்டும் காலத்தில் மட்டும். ஆகவே அவர்களும் பருவம் பார்த்துத் தோணியில் வந்துபோனவர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மட்பாண்டம் வனையத் தெரிந்தவர்கள் பல நூற்றாண்டுகள் கழித்து வந்து ஊர் அமைத்தார்கள்.

1493-இல் கொலம்பஸ் பார்த்தார், இறங்கவில்லை. 1640 வாக்கில், பக்கத்துத் தீவான செயின்ட் யூஸ்டேஷியஸிலிருந்து டச்சுக்காரர்கள் வந்து குடியேறினார்கள். 1665-இல் ஆங்கிலேயக் கடற்கொள்ளையர் தீவைப் பிடித்து அவர்களில் பலரை வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகு கொடி பலமுறை மாறி, 1816-இல் நெதர்லாந்திடம் நிலைத்தது. ஆட்சி டச்சு, வீட்டில் பேசுவது ஆங்கிலம் என்ற விநோதம் இன்றும் தொடர்கிறது.

மற்ற தீவுகளைப்போல் பெரிய கரும்புத் தோட்டங்கள் இங்கே எழவில்லை. சரிவில் அதற்கு இடமில்லை. சிறு நிலங்களில் முதலாளியும் அடிமையும் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தார்கள் என்று சிலர் பெருமையாக எழுதுவதுண்டு. பக்கத்தில் நின்றாலும் அடிமை அடிமைதான். ஆப்பிரிக்கர்களுக்கு விடுதலை கிடைத்தது 1863-இல்.

படகில் வந்த சாமான்கள் எல்லாம் பாறையில் வெட்டிய சுமார் 800 படிகள் வழியாகத் தலைச்சுமையாகவே ஊருக்கு ஏறின. பியானோகூட அப்படித்தான் போனதாகச் சொல்வார்கள். இங்கே சாலை போட முடியாது என்று டச்சுப் பொறியாளர்கள் கைவிரித்துவிட, உள்ளூர்க்காரர் ஜோசஃபஸ் லாம்பர்ட் ஹாசெல் அஞ்சல்வழியில் சாலைப் பொறியியல் படித்தார். 1938-இல் வேலை தொடங்கியது. முதல் ஜீப் 1947-இல் வந்து இறங்கியது.