டாக்டருக்குத் துணை, அவருக்கு யார் துணை?

அவர் நர்சு அல்ல, கம்பவுண்டரும் அல்ல. டாக்டரின் உதவியாளர்! நோயாளியைச் சோதிப்பார். டாக்டரின் மேற்பார்வையில் சிகிச்சையும் செய்வார்.

இந்தப் படிப்பை 1965-ல் அமெரிக்காவில், டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர் டாக்டர் யூஜின் ஸ்டெட். முதலில் சேர்ந்தது நாலே பேர். நால்வரும் கடற்படையில் மருத்துவ வேலை பார்த்தவர்கள். 1967 அக்டோபர் 6-ந் தேதி 3 பேர் படிப்பை முடித்தார்கள்.

வெளியே வந்தால், "நீங்கள் யார்?" என்ற கேள்வி! அவர்களுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. சந்தேகம் கேட்க, அதே வேலையில் மூத்தவர் ஒருவரும் இல்லை. தயங்கி நின்றால் ஆபத்து நோயாளிக்கு அல்லவா?

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1968-லேயே, படித்து முடித்தவர்களும் மாணவர்களும் கூடிச் சங்கம் அமைத்துவிட்டார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர், மூத்த உதவியாளர்களை அங்கே சந்திக்கிறார்.