சுற்றிலும் வெட்டவெளிதானே, திடல் எதற்கு?

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஓர் ஊராட்சி என்றால் ஒரே ஊராக இருக்காது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் முப்பது வீடு, தார்ரோட்டைத் தாண்டி நாற்பது வீடு என்று நாலைந்து குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கும். அங்கே திடல், பூங்கா என்று பேச்செடுத்தால் எழும் சந்தேகங்கள் சில.

எங்கு பார்த்தாலும் காலி இடம். தனியாகத் திடல் எதற்கு?

காலி இடம் கண்ணுக்குத் தெரிகிறது, உரிமை தெரிவதில்லை. அதில் பெரும்பகுதி பட்டா நிலம். மிச்சத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. தை அறுப்பு முடிந்த வயலில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள், புரட்டாசியில் உழவு தொடங்கியதும் தார்ரோட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வயல்காரர் கம்பிவேலி போட்டுவிட்டால் தையிலும் ரோடுதான்.

ஊராட்சிக்கு இடம் எங்கே இருக்கிறது?

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில். மந்தை, களம், தோப்பு, மேய்க்கால் என்று புறம்போக்குகள் புல எண்ணோடு அதில் இருக்கும். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி இத்தகைய இடங்களின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஊராட்சிக்கு உண்டு. பஞ்சாப் கிராமமொன்றின் குளத்து ஆக்கிரமிப்பு வழக்கில் 2011 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நம் மந்தைவெளியும் புறம்போக்கும் பெயர் சொல்லியே அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றுள்ளன. ஆனால் கண்மாய் உள்வாய், ஓடை, வரத்துக்கால் பக்கம் போகவே கூடாது. வறண்டு கிடந்தாலும் அது தண்ணீரின் இடம்.

ஏக்கர் கணக்கில் வேண்டுமே?

வேண்டாம். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், மூன்று சென்ட்டுக்குச் சற்றே மேல். பெண்கள் களம் 12க்கு 8, இரண்டரை சென்ட்டுக்குள் முடிந்துவிடும். வாலிபால் களம் 18க்கு 9. சுற்றிலும் 3 மீட்டர் விட்டாலும் ஒன்பது சென்ட் போதும். பெரிய இடம் கேட்பது கிரிக்கெட்தான்.

மனைப்பிரிவுகளில் 10 சதவீதம் பொது இடம் விடுகிறார்களே?

3,000 சதுர மீட்டருக்கு மேல் பிளாட் போட்டால், சாலை நீங்கலாக 10 சதவீதத்தைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குத் தர வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை பணமாகக் கட்டவும் வழி உண்டு. பிளாட்டே போடாத ஊருக்கு இதில் பயனில்லை.

நாலு குக்கிராமத்தில் எந்த ஊரில் அமைப்பது?

சண்டையே இங்குதான். பெரும்பாலும் தலைவர் ஊரில் அமையும், மற்ற ஊர்க்காரர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். காலனிப் பிள்ளைகள் தயங்கி நிற்கும் மந்தையைப் பொதுத்திடல் என்று பலகை வைத்தாலும் அது பொது ஆகாது. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திடலுக்குப் பொழுது சாய்ந்தபின் எந்தப் பெண்பிள்ளையை அனுப்புவார்கள்? என் கணிப்பு இதுதான்: எல்லா ஊர்ப் பிள்ளைகளும் எப்படியும் வந்துபோகும் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு திடல். குக்கிராமத்துக்கு ஒன்றாக ஒரு சிறு களம், ஒரு விளக்கு, பெரியவர்கள் உட்கார மரத்தடியில் ஒரு திண்டு.

பூங்கா, ஜிம் எல்லாம்?

2016இல் 500 ஊராட்சிகளுக்கு அம்மா பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் அறிவிக்கப்பட்டன. 2024இல் கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட் வந்தது. கொடுப்பதில் குறையில்லை. பிறகு சாவி யாரிடம், தண்ணீர் ஊற்றுவது யார்? ஆள் குறைந்த ஊரில் புல்தரையைக் காப்பாற்ற முடியாது. ஊஞ்சல் கம்பியில் ஆடு கட்டியிருக்கும். அந்தப் பணத்தில் வேம்பும் புங்கையும் நட்டு இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால், பிறகு அவை தாமே பிழைத்துக்கொள்ளும்.

யாரிடம் கேட்பது?

கிராம சபையில். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. வெறுங்கையோடு போகாதீர்கள். புல எண்ணைக் குறித்துக்கொண்டு போய், அந்த எண்ணோடு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள்.