புதிய ஊரும் புதிய வெயிலும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்பு ஆலைகளிலும் திருவள்ளூர் வட்டாரத்துச் செங்கற் சூளைகளிலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா முதலிய மாநிலத்தவர் பலர் உழைத்து வருகின்றனர். நம் அங்கத்தினர்களின் வயல்களுக்கும் சங்கக் கிடங்குகளுக்கும் வேலைக்கு வருவோரும் அவர்களுள் உண்டு. புதிதாக வருவோர்க்கு முதல் வாரமே ஆபத்தான காலம் என்பதை அங்கத்தினர்கள் அறிதல் நலம்.

“பீகாரின் கோடையைக் கண்டவனுக்கு நம் வெயில் ஒரு பொருட்டா?” என்று சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. கோடையில் அங்கு வீசுவது வறண்ட காற்று. வியர்வை விரைவில் உலர்ந்து உடலின் சூட்டைத் தணித்துவிடும். கும்மிடிப்பூண்டியோ கடலுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் அண்மையிலுள்ள ஊர். காற்றில் ஈரம் மிகுதியாதலின் வியர்வை வழியுமேயன்றி எளிதில் உலராது. வெப்பமானி குறைவாகக் காட்டினும் உடல் படும் பாடு பெரிது.

குளிர்ந்த மலைநாட்டிலிருந்து வருவோர்க்கு இது இன்னும் கடினம். 1964ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவர்களுள் பலர் இலங்கைத் தேயிலை மலைகளில் வாழ்ந்தவர்கள். நுவரெலியாவின் உயரம் ஏறத்தாழ 1,870 மீட்டர். அங்கிருந்து சமவெளிக்கு இறங்குவோர்க்கு வெப்பம் சுமார் 11 டிகிரி கூடும். தாயகம் திரும்பியோர்க்குக் கடனுதவி செய்ய 1969இல் ரெப்கோ வங்கி கூட்டுறவு முறையில் தோன்றியது. மறுவாழ்வுக்குக் கடன் எத்துணை இன்றியமையாததோ, உடல் பழகுதற்கான அவகாசமும் அத்துணை இன்றியமையாதது.

அவ்வவகாசம் 7 முதல் 14 நாட்கள். அந்நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை முன்னதாகவே அரும்பும், அதில் கழியும் உப்புக் குறையும், இதயத்துடிப்பும் தணியும். சில வாரம் குளிர்ந்த இடத்தில் தங்கினால் இப்பழக்கம் நீங்கிவிடும். ஆகவே ஹோலிக்கு ஊர் சென்று கோடைத் தொடக்கத்தில் திரும்பும் பழைய ஆளையும் ஓரளவு புதியவனாகவே கருதவேண்டும்.

திறந்தவெளி வேலையில் வெப்பத்தால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை முதற் சில நாட்களிலேயே நிகழ்கின்றன என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை கூறுகிறது. சோம்பேறி என்ற பெயர் வந்துவிடுமோ என அஞ்சிப் புதியவன் ஓய்வின்றி உழைப்பதை நாமே கண்டிருக்கிறோம். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசினாலோ, அவன் நிழலில் அமரவே துணியான்.

இதற்குக் கையாளத்தக்க முறை எளியது. முதல் நாள் வெயிலில் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு. நாள்தோறும் மேலும் ஒரு பங்கு. ஐந்தாம் நாள் முழு வேலை. கூட்டிப் பார்த்தால் ஐந்து நாட்களில் மூன்று நாள் வேலை நடந்திருக்கும். நாட்கூலியை முழுமையாகவே அளித்தாலும் சங்கத்திற்கு ஆகும் செலவு ஆளுக்கு இரண்டு நாட்கூலியே. ஓர் உயிரின் முன் இது பெரிய தொகையன்று.

இருபது நிமிடத்திற்கு ஒரு முறை ஒரு குவளை நீர், இடையே உப்பிட்ட நீர்மோர், தலைக்கு நம் நெசவாளர் நெய்த பருத்தித் துண்டு, நண்பகலில் நிழல் ஆகியவை வேண்டும். பேச்சுத் தடுமாறி, உடல் கொதித்தால் உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறி, 108ஐ அழைக்கவேண்டும்.

2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளது. ஒவ்வொரு சங்கமும் கோடைக்கு முன்பே நிர்வாகக் குழுவைக் கூட்டி, புதியவர்க்கு முதல் ஐந்து நாள் குறைந்த வேலையும் முழுக் கூலியும் எனத் தீர்மானம் நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம்.