பாடல் யாருடையது?

பேட்டையில் நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் இறைவனடி சேர்ந்தபோது, வளைகுடா நாட்டில் பணிபுரியும் அவருடைய மகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. இளைஞர்கள் அடக்கத் திருப்பலியைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினார்கள். மகன் இரவுதோறும் அதைப் பார்த்து வந்தார். ஒரு வாரத்தில் படம் மறைந்துவிட்டது. திருப்பலியில் ஒலித்த பதிவுப் பாடலுக்கு உரியவர் முறையிட்டிருந்தார்.

"அடக்கப் பூசையில் பாடிய பாட்டுக்குமா சாமி உரிமை கேட்பார்கள்?" என்று குடும்பத்தார் என்னிடம் வந்து அழுதனர்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், உண்மையான சமயச் சடங்கின்போது பாடலைப் பாடுவதும் ஒலிப்பதிவை இசைப்பதும் உரிமை மீறல் ஆகாது என்கிறது. ஆகவே கோவிலில் இசைத்ததில் பிழையில்லை. ஆனால் அதன் பதிவை உலகமே காண இணையத்தில் வைத்திருப்பதற்கும் அச்சலுகை பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது.

2012ஆம் ஆண்டுத் திருத்தமும் 2013ஆம் ஆண்டு விதிகளும் இதற்கு ஒரு முறை வகுத்துள்ளன. உரிமையாளர் தக்க விவரங்களுடன் எழுத்து மூலம் முறையிட்டால், இணைய நிறுவனம் 36 மணி நேரத்திற்குள் அப்பதிவைத் தடுத்து, 21 நாள்கள் காட்டாதிருக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிடில் மீண்டும் காட்டலாம். இதுவன்றி, கணக்குத் தொடங்கும்போது நாம் படித்துப் பாராமலே ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளும் நீக்கும் உரிமையை அந்நிறுவனத்துக்கு அளிக்கின்றன. தவறாக நீக்கப்பட்டால் மறுப்புத் தெரிவிக்கவும் வழியுண்டு, வாளாவிருத்தல் வேண்டா.

இதனைக் கொடுமை என்று மட்டும் கொள்ளலாமா? தச்சன் செய்த நாற்காலியைக் கேளாமல் தூக்கிச் செல்ல நாம் கூசுகிறோம். பாடல் இயற்றியவர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டுமன்றோ? ஏழாம் கட்டளை கண்ணுக்குத் தெரியும் பொருளோடு நின்றுவிடுவதில்லை.

எனவே, பங்கு இளைஞர்களே, உரியவரிடம் முன்னரே இசைவுக் கடிதம் பெறுங்கள். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த பாடல்கள் பொதுச்சொத்து. 1889இல் மறைந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனைகளை எவரும் பாடலாம். ஆயினும் அவற்றைப் பிறர் பாடிய ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை இருக்கக்கூடும். ஆதலால் நம் பாடகர் குழுவே பாடட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூலப்பதிவைக் கைவசம் வைத்திருங்கள்.

நம் இளைஞர் ஒருவர் அவ்வாறு வைத்திருந்தார். அதை நேரே மகனுக்கு அனுப்பி வைத்தோம். இணையம் இரவல் வீடு. தாயின் நினைவை அங்கு மட்டும் வைத்துவிட்டு வரலாகாது.