வெட்டக் கூடாத வெட்டிவேர்

கொச்சியின் மட்டாஞ்சேரி கடைத்தெருவில் மிளகு, சுக்கு, ஏலக்காய் வாசனைகளுக்கு நடுவே புதுமழை விழுந்த மண்ணின் மணமும் வரும். பழுப்பு நிறத்தில் கற்றை கற்றையாகக் கட்டி வைத்திருக்கும் அந்த வேர் மலையாளிகளுக்கு ‘ராமச்சம்’, நமக்கு வெட்டிவேர். ஆங்கிலமும் பிரெஞ்சும் நம் பெயரைத்தான் வாங்கி ‘வெட்டிவர்’ என்கின்றன.

வேரைத் தெரிந்த அளவுக்கு அந்தப் புல்லை நமக்குத் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம். ஆள் உயரத்துக்குத் தூர் கட்டி வளரும் புல் அது. வேர் பக்கவாட்டில் அதிகம் ஓடாது. நேரே கீழே இறங்கும், 3 மீட்டர் ஆழம் வரைகூட. உவர்மண்ணையும் தேங்கிய நீரையும் தாங்கும். வண்டல் வந்து மூடினால் கணுவிலிருந்து மறுபடி தளிர்க்கும்.

பொன்னானி–சாவக்காடு கடலோரத்திலும், நம் கடலூர் பக்கம் நொச்சிக்காட்டிலும் இதைப் பயிர் செய்கிறார்கள். அதற்கு மணல்தான் காரணம். களிமண்ணில் தோண்டினால் வேர் அறுந்துவிடும். மணலில் முழுசாகக் கையோடு வரும். நட்டு ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் தோண்டி, தூரை மறுநடவுக்கு ஒதுக்கிவிட்டு, வேரை அலசிக் காயவைப்பார்கள். பானைத் தண்ணீருக்கும் விசிறிக்கும் அத்தருக்கும் போவது இதுதான்.

ஆனால் தோண்டாமல் விட்டால் அது வேறு வேலை செய்யும். கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டை விவசாயிகள் பல தலைமுறைகளாக வயல் ஓரத்தில் இதை வேலியாக நட்டு வந்தார்கள். 1980களில் உலக வங்கியின் வேளாண் நிபுணர்கள் ஜான் கிரீன்ஃபீல்டும் ரிச்சர்ட் கிரிம்ஷாவும் மண்ணரிப்பைத் தடுக்க இந்தப் புல்வேலியைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். தென்னிந்திய வகை முளைக்கிற விதை வைப்பதில்லை. களையாகப் பரவும் என்ற பயம் வேண்டாம்.

மண்ணரிப்பைத் தடுத்தாலும் கடல் அலையை இது நிறுத்தாது. கொச்சிக்குத் தெற்கே செல்லானத்தில் டெட்ராபாட்கள் என்ற நாலுகால் கான்கிரீட் கட்டைகள் செய்யும் வேலையை ஒரு புல்லிடம் கேட்பது நியாயமில்லை. அலை எட்டாத உட்பகுதியில் இருக்கும் வாய்க்கால் கரையும் குளக்கரையும் வரப்பும்தான் இதற்கான இடம்.

உங்கள் வீட்டை ஒட்டி அப்படி ஒரு கரை சரிந்துகொண்டிருந்தால், மழை பிடித்ததும் 10–15 செ.மீ. இடைவெளியில் ஒரே வரிசையாகத் தூர்களை நடுங்கள். பிறகு அதைத் தோண்டாதீர்கள். பானைக்கு வேர் வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.