தாலிக்கு முன்னும் பின்னும் – 11: ‘உள்ளேன் அம்மா’

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். வருகைப் பதிவேட்டை விரித்துவைத்து ஆசிரியை ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். ‘உள்ளேன் அம்மா’, ‘உள்ளேன் அம்மா’ என்று வரிசையாகக் குரல்கள் எழுகின்றன. ஒரு பெயருக்கு மட்டும் பதில் இல்லை. இரண்டாம் முறை கூப்பிடும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி மெல்லச் சொல்கிறாள்: “அவளுக்குக் கண்ணாலம் ஆயிடுச்சு, டீச்சர்.”

தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஏப்ரலில் தேர்வு முடிகிறது. சித்திரையிலும் வைகாசியிலும் முகூர்த்தங்கள் வரிசை கட்டி வருகின்றன. பள்ளி திறக்கும்போது பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே கட்டங்கள் காலியாகவே இருக்கின்றன. சில வாரம் பார்த்துவிட்டு அந்தப் பெயரை அடித்துவிடுகிறார்கள்.

சென்ற வாரம் பூப்பு நீராட்டைப் பற்றி எழுதியிருந்தேன். தாய்மாமன் ஓலை கட்டிய அந்தப் பந்தலிலிருந்து கல்யாணப் பந்தலுக்கு எத்தனை ஆண்டு தூரம் என்பதே ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. இந்த வாரம் நான் சொல்லப்போகிறவளுக்குப் பெயர் வைக்கவில்லை. பல பெண்களுக்கு நேர்ந்ததைச் சேர்த்துத்தான் அவளைச் சொல்கிறேன்.

முன்

அவளுக்குப் பதினாறு நடக்கிறது. ஊரில் மானாவாரி நிலம். மழை பெய்தால் கேழ்வரகும் நிலக்கடலையும் வரும், பெய்யாவிட்டால் பிழைப்புக்கு ஊரை விட வேண்டும். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள். பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வருவார்கள். வீட்டில் பாட்டி, தம்பி, இரண்டு ஆடு. காலையில் தண்ணீர் பிடித்து, சோறு ஆக்கி, தம்பியைக் கிளப்பிவிட்டு, ஓடிப்போய்ப் பேருந்து பிடிக்கிறாள். கணக்கு நன்றாக வரும். நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒருமுறை தோழியிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டில் சொன்னதில்லை.

பெங்களூரில் தகரக் கொட்டகைக்குள் படுத்திருக்கும் அம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லை. “வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு எத்தினி நாளைக்கு இருக்கறது?” என்பாள். இந்த வாக்கியத்தைச் சொல்லாத தாய் இந்த வட்டாரத்தில் அபூர்வம். பருவம் வந்த பெண் தனியாக இருக்கிறாள். கையில் செல்போன் இருக்கிறது. யாரோடாவது பேசிவிட்டால், அதிலும் வேறு சாதிப் பையனோடு பேசிவிட்டால், பெயர் கெட்டுவிடும். பேச்சு எழுவதற்கு முன்பே கட்டிக்கொடுத்துவிட்டால் பாரம் இறங்கும். அத்தை மகனோ தாய்மாமனோ இருந்தால் இன்னும் எளிது. சொந்தத்துக்குள் என்றால் நகையில் விட்டுக்கொடுப்பார்கள். வயது ஏற ஏற, படிப்பு ஏற ஏற, அதற்கேற்ற மாப்பிள்ளையைத் தேட வேண்டும், சவரன் கூடும். அக்காளுக்குப் போட்ட பந்தலிலேயே தங்கைக்கும் முடித்துவிட்டால் ஒரு செலவு மிச்சம்.

இந்தப் பெற்றோரைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு மகள் மேல் பாசம் இருக்கிறது. மகளைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்த ஒரே வேலி தாலி. அந்த வேலிக்குள் அவளுக்கு என்ன நடக்கிறது என்பதை யாரும் உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்லவில்லை.

இந்த மண்ணில் பெண் பிறப்பதே ஒரு காலத்தில் கேள்வியாக இருந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. 2011 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இங்கே 913 பெண் குழந்தைகள் இருந்தார்கள். அதே கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி இடமும் தருமபுரிக்குத்தான். அன்றைக்குத் தொட்டிலில் கிடந்த அந்தப் பெண் குழந்தைகள்தாம் அண்மை ஆண்டுகளில் மணவறை ஏறியவர்களும் இனி ஏறப்போகிறவர்களும். பிறப்பதற்குப் போராடி வென்றவளை வளரவிடாமல் செய்வது அந்த வெற்றியைப் பாதியில் பறிப்பதாகும்.

சட்டம் நடந்த வழி

ஒரு பெண்ணுக்கு எத்தனை வயதில் மணம் செய்யலாம் என்ற வழக்கு இந்த நாட்டில் நூறாண்டுக்கும் மேலாக நடக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணின் திருமண வயது பதினாறுக்குக் குறையக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு என்று வைத்தது. 1930 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வரும் என்று தெரிந்ததும், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாடெங்கும் அவசர அவசரமாகப் பச்சைக் குழந்தைகளுக்குக்கூடக் கல்யாணம் செய்தார்கள். சட்டத்துக்கு முந்திக்கொள்ளும் அந்த அவசரம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. 1949-இல் பதினைந்து ஆனது. 1978-இல் பதினெட்டு ஆனது.

இன்று நம் கையில் இருப்பது 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். 2007 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிறையாத பெண்ணை மணக்கும் வயது வந்த ஆணுக்கும், நடத்திவைப்பவருக்கும், துணை நிற்பவருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தெரிந்தே போய் மொய் எழுதி, பந்தியில் சாப்பிட்டு வருகிறவரும் சட்டத்தின் கண்ணில் பங்காளிதான். பெண்களுக்குச் சிறை கிடையாது, அபராதம் உண்டு.

பின்

தாலி ஏறியாகிவிட்டது. அவள் எழுந்திருக்கும் நேரம் ஐந்திலிருந்து நான்கு ஆகிறது. பள்ளியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் போக, இப்போது ‘ஏ பொண்ணு’ என்றும் இன்னார் பெண்டாட்டி என்றும் கூப்பிடுகிறவர்கள் சூழ்ந்திருக்கிறார்கள். கணவன் பத்து நாள் இருந்துவிட்டு வேலை பார்க்கும் ஊருக்குப் போகிறான். கையிலிருந்த செல்போனை மாமியார் வாங்கி வைத்துக்கொள்கிறாள். ஊர்க்கண் எல்லாம் அவள் வயிற்றின்மேல். “இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லியா?”

விசேஷம் வருகிறது. அதற்கு அவள் உடம்பு தயாராக இல்லை. வளர வேண்டிய வயதில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே சோற்றில் பங்கு. ஏற்கெனவே இருந்த இரத்தசோகை முற்றுகிறது. இளவயதுக் கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் ஆபத்து கூடுதல். இடுப்பெலும்பு முழுதாக வளராததால் பிரசவம் தடைபடும் ஆபத்தும் உண்டு. குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. இதையெல்லாம் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். ஆனால் அவரிடம் போகத்தான் இவர்களுக்குப் பயம்.

ஏன் பயம்? 2017 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம், பதினெட்டு வயது நிறையாத மனைவியோடு கணவன் உறவு கொள்வதும் வன்புணர்ச்சியே என்று தீர்ப்பளித்தது. போக்சோ சட்டத்தின்படி, விஷயம் தெரிந்த மருத்துவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். தீர்ப்பு நியாயமானது, அது இல்லையென்றால் இந்தச் சிறுமியின் உடம்புக்குக் காவலே இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் நடப்பதைப் பாருங்கள். கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கப் போனால் ஆதார் கேட்பார்கள், ஆதாரில் வயது இருக்கும். மருத்துவமனைக்குப் போனால் மகன் சிறைக்குப் போவான் என்று மாமியார் நினைக்கிறாள். நாள் தள்ளிக்கொண்டே போகிறது. வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள், வேறு ஊர் மருத்துவமனை தேடுகிறார்கள், வலி வந்த பிறகு ஓடுகிறார்கள். குற்றம் செய்தவர்கள் பெரியவர்கள். அதை மறைப்பதற்குக் கொடுக்கும் விலை அவள் உயிர்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழக அரசு தரும் மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட. அதைப் பெறத் தாய்க்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். நம் பெண்ணுக்கு அது கிடைக்காது. முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1914-இல் திருமணம் செய்துகொண்டபோது அவருக்கு வயது 27. தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் மணம் செய்துகொண்டார். தாலிக்கு முன்னே அவருக்குக் கிடைத்த அந்த ஆண்டுகள்தாம் அப்படிப் பேசும் குரலைக் கொடுத்தன.

மறுநாள்

இனி, நான் இந்த வாரம் முக்கியமாகச் சொல்ல வந்த இடம்.

சில பெண்களின் கல்யாணம் நின்றுவிடுகிறது. யாரோ 1098-க்குக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். பல சமயம் கூப்பிடுவது தோழி, சில சமயம் அந்தப் பெண்ணேதான். சமூக நலத் துறை அலுவலரும் காவல்துறையினரும் வருகிறார்கள். பந்தலில் கூச்சல், அழுகை. பெற்றோரிடம் எழுதி வாங்குகிறார்கள்: ‘பதினெட்டு வயது முடியும்வரை மகளுக்குத் திருமணம் செய்யமாட்டோம்.’ மறுநாள் நாளிதழில் நான்கு வரிச் செய்தி: ‘குழந்தைத் திருமணம் தடுத்து நிறுத்தம்.’ படித்துவிட்டு நாம் நிம்மதியாகத் தாளை மடிக்கிறோம்.

அந்த மறுநாள் அவளுக்கு எப்படி விடிகிறது என்று யோசித்திருக்கிறோமா? சமையல்காரருக்குக் கொடுத்த முன்பணம் போயிற்று. வட்டிக்கு வாங்கிய பணம் தலைமேல் நிற்கிறது. “உன்னாலதான் மானம் போச்சு” என்று வீடே அவள் முகத்தைப் பார்க்க மறுக்கிறது. பள்ளிக்குப் போனால் எல்லோரும் கேட்பார்கள் என்று அனுப்புவதில்லை. இரண்டு வாரம் கழித்து, வேறு ஊரில், வேறு கோயிலில், விடியுமுன்னே தாலி ஏறிவிடுகிறது. எழுதிக் கொடுத்த காகிதம் அலுவலகக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

தருமபுரி என்றால் அதியமானின் தகடூர். அதியமான் என்றால் நெல்லிக்கனி, ஔவை. சங்கத்து ஔவையும் பின்னால் வந்த ஔவையும் வேறு வேறு என்பார்கள். பின்னவளைப் பற்றி ஊர்கள்தோறும் சொல்லும் கதை ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள், பெண்ணுக்கு இஷ்டமில்லை, பிள்ளையாரிடம் போய் அழுதாள், அவர் அவளைக் கிழவியாக்கிவிட்டார். சிறுவயதில் இந்தக் கதையை அதிசயமாகக் கேட்டேன். இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் பெண் தப்பிக்க, தன் இளமையையே கொடுக்க வேண்டியிருந்ததே! அவளுக்கு வேறு வாசல் இல்லை. இன்றைய பெண்ணுக்கு வாசல்கள் இருக்கின்றன. அவற்றைத் திறந்துவைக்கும் கடமை நம்முடையது.

அந்த வாசல்களைச் சொல்கிறேன். கல்யாணம் நடக்கப்போகிறது என்று தெரிந்தால், 2006 சட்டத்தின்படி நடுவர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கலாம். அந்த ஆணையை மீறிக் கட்டிய தாலி சட்டப்படி செல்லவே செல்லாது. வெறும் எழுதி வாங்குதலுக்கு அந்தப் பலம் இல்லை. வீட்டில் இருக்க முடியாத பெண்ணைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தலாம்; பள்ளியை விட்ட பெண்களுக்காக நடக்கும் கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகளிலோ அரசு விடுதிகளிலோ இடம் கேட்கலாம். மணம் முடிந்துவிட்ட பெண்ணுக்கும் கதவு மூடிவிடவில்லை. பதினெட்டு நிறைந்து இரண்டு ஆண்டுக்குள், அதாவது இருபது வயதுக்குள், ‘இந்தத் திருமணம் எனக்கு வேண்டாம்’ என்று மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அதை ரத்து செய்யலாம். அதற்கு முன்னரே வேண்டுமென்றால் அவள் சார்பில் காப்பாளர் மனுச் செய்யலாம். ஜீவனாம்சமும் தங்குமிடமும் கேட்க உரிமை உண்டு. பிறந்த குழந்தை எல்லா வகையிலும் சட்டபூர்வமான குழந்தைதான். இது தெரியாமலே இருபதைத் தாண்டிவிடும் பெண்கள் எத்தனை பேர்!

அரசின் பணமும் ஒரு வழி காட்டியிருக்கிறது. சிறுமியாக இருந்தபோதே தேவதாசி முறைக்குள் தள்ளப்பட்டு, அதிலிருந்து வெளியேறி, அதை ஒழிக்கவே வாழ்ந்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவர் பெயரில் 1989-இல் திருமண உதவித் திட்டம் தொடங்கியது. பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பதினெட்டு வயதும் படிப்பும் இருந்தால்தான் உதவி என்ற நிபந்தனை, பல வீடுகளில் பெண்ணை ஓரிரு ஆண்டு கூடுதலாகப் பள்ளியில் இருக்கவைத்தது. 2022-இல் அதே அம்மையார் பெயரில் அது உயர்கல்விக்கு மாறியது. புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. மணநாளுக்காகச் சேர்த்த பணம் படிப்பு நாள்களுக்காகத் திரும்பியது பெரிய திருப்பம். ஆனால் அந்த ஆயிரத்தைத் தொட அவள் பள்ளியைத் தாண்டி மேற்படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பையே நிறுத்தியவளுக்கு அது எட்டாத கொப்பு.

ஆகவே, தலைமையாசிரியர்களையும் அலுவலர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் கைகூப்பிக் கேட்கிறேன். கல்யாணத்தை நிறுத்திய அன்றோடு கணக்கை முடிக்காதீர்கள். மறுநாள் காலை அவள் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டும். அந்தக் கடனைப் பற்றி அப்பாவிடம் பேச வேண்டும். அம்மாவின் வயிற்று நெருப்புக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்: விடுதியில் இடம் இருக்கிறது, பேருந்துக்குக் காசு வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று. அந்த வாரமே அவள் பள்ளிக்குள் கால் வைக்க வேண்டும். வகுப்பில் ஒருவரும் எதுவும் கேட்கக் கூடாது. அடித்த பெயரை ஆசிரியை மறுபடி எழுதி, மற்றப் பெயர்களைப் போலவே கூப்பிட வேண்டும்.

தமிழில் எவ்வளவு அழகான சொல்லை வருகைப் பதிவுக்கு வைத்திருக்கிறோம்! வந்திருக்கிறேன் என்றல்ல, இருக்கிறேன் என்றே அந்தப் பிள்ளை சொல்கிறாள்.

‘உள்ளேன் அம்மா.’

(தொடரும்)