மின்பிறப்பாக்கியின் சாவி யாரிடம்?

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதியும் நாடு முழுவதும் மின்தடை ஏற்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதே காரணம் என்று அப்போது கூறப்பட்டது. வாவிக்கரையில் வாழும் எமக்கு மாரிக்காற்றும் மழையும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

படுவான்கரைக் கிராமங்களில் வேலை செய்யும்போது மாதர் சங்கக் கட்டடங்களில் சிறிய மின்பிறப்பாக்கிகளைக் காண்கிறேன். தண்ணீர் மோட்டருக்கும், முட்டு வருத்தக்காரரின் நெபுலைசருக்கும் அவை உதவ வேண்டும். ஆனால், தேவைப்படும் நாளில் பல இயங்குவதில்லை. சாவி ஒருவரிடம், இயக்கத் தெரிந்தவர் வேறொருவர். பெண்களைக் கேட்டால், “அது ஆம்பிளையள்ர வேலை மிஸ்” என்கிறார்கள். மோட்டர் நின்றால் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது மட்டும் யாருடைய வேலை?

உண்மையில் இதன் பராமரிப்பு தையல் மெஷினைப் பார்ப்பதைவிடக் கடினமானதல்ல. மாதம் ஒரு தடவை, சங்கக் கூட்ட நாளிலேயே, அரை மணித்தியாலம் இயக்குங்கள். வெறுமனே ஓடவிடாமல் மின்குமிழ்களையும் மின்விசிறிகளையும் போட்டுப் பாருங்கள். இயக்குவதற்கு முன் ஒயிலின் அளவைப் பாருங்கள். சிறிய பெற்றோல் இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் 100 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்ற வேண்டும். கைநூலில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

மாதக்கணக்கில் கிடக்கும் பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரை அடைத்துவிடும். இயந்திரம் ஸ்டார்ட் ஆகாததற்கு இது முக்கிய காரணம். ஆகவே நிறுத்தும்போது பெற்றோல் வால்வை மூடி, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். உப்புக்காற்று பற்றரி முனைகளை அரிக்கும். அவற்றைத் துடைத்து வஸ்லின் பூசுங்கள்.

மூன்று விடயங்களில் உயிராபத்து உண்டு. மின்பிறப்பாக்கியின் புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை. மழை பெய்தாலும் அதனை அறைக்குள்ளோ விறாந்தையிலோ இயக்க வேண்டாம். யன்னல்களிலிருந்து 20 அடியாவது தள்ளி, நனையாதபடி தனிக் கூரை போட்டு வையுங்கள். சூடாக இருக்கும்போது பெற்றோல் ஊற்ற வேண்டாம். சுவரிலுள்ள பிளக்கில் வயரைச் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கவும் வேண்டாம். அது வெளிக்கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறித் திருத்த வரும் ஊழியரைக் கொல்லலாம். மாற்று ஆளியை மின்னிணைப்பாளர் ஒருவரே பொருத்த வேண்டும்.

நான் போய்வரும் ஒரு சங்கத்தில் இயந்திரத்தின் அருகே ஒரு கொப்பி தொங்குகிறது. மாதம் இருவர் முறைவைத்து இயக்கி, திகதியையும் ஓடிய நேரத்தையும் எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். கயிற்றை இழுக்கப் பயந்தவர்களே இப்போது மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் சங்கத்திலும் கேளுங்கள்: சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது இயக்கினோம்?